தறிக்காரத் தெரு வழியாக ஒரு குழாய்

என்னை இன்றைக்கும் ஊரில் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். 'கவுன்சிலர்' என்று ஒருவர்கூடக் கூப்பிட்டதில்லை, கவுன்சிலராக இருந்த காலத்திலும். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. கவுன்சிலர் பதவியில் உட்கார வைத்தவர்கள் நடுவிலேயே எழுப்பியும் விடுவார்கள். எங்கள் மன்றத்தையும் அப்படித்தான் ஒருநாள் கலைத்துவிட்டுத் தனி அதிகாரியைப் போட்டார்கள். டீச்சர் பட்டத்தை யாரும் பிடுங்க முடியாது. என்னிடம் குட்டு வாங்கியவர்கள் பேரன் பேத்தி எடுத்த பிறகும் என்னைக் கண்டால் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறார்கள்.

சமீபத்தில் எங்கள் தெருவில் புதுக் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினார்கள். இயந்திரம் வந்தது, கிளறியது, போய்விட்டது. மண்மேடு வாரக்கணக்கில் அப்படியே கிடந்தது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கூடியபோது, "எங்கள் காலத்தில் ஒரு பள்ளம் தோண்டுவதற்குள் என்ன பாடு பட்டோம் தெரியுமா?" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். எழுதிக் கொடுத்தால்தான் ஆயிற்று என்று பிடித்துக்கொண்டார்கள். சொல்வது சுலபம். கரும்பலகையில் எழுதிப் பழகிய கைக்குக் காகிதத்தில் எழுத்து பெரிதாகப் பெரிதாக வருகிறது.

நான் வாலாஜாபாத் பக்கத்துப் பயிர்க்காரக் குடும்பத்தில் பிறந்தவள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் அப்பா மாப்பிள்ளை தேடத் தொடங்கினார். மாப்பிள்ளை கிடைப்பதற்குள் ஆசிரியப் பயிற்சியில் இடம் கிடைத்துவிட்டது. பயிற்சியில் கற்றவற்றில் இன்றைக்கு நினைவிருப்பது ஒன்றுதான்: வகுப்புக்கு முதுகைக் காட்டி நிற்காதே. சின்ன காஞ்சிபுரத்தில் ஓர் உதவிபெறும் ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு கொடுத்தார்கள். கல்யாணமும் பிறகு ஆயிற்று. அவர் வாலாஜாபாத் அரிசி ஆலையில் வேலை பார்த்தார். காலையில் பஸ்ஸில் போய் மாலையில் தவிட்டு வாசனையோடு வருவார்.

பள்ளியை ஒட்டியே தறிக்காரத் தெரு. என் வீடு அந்தத் தெருவின் மேல்முனையில். அந்தத் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பட்டுப் பாவு என்பது சேலையின் நீளவாட்டு இழைகள். அதைத் தறியில் ஏற்றுவதற்கு முன் கஞ்சியில் தோய்த்து, தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளைப் பிணைத்து, காயவைத்துச் சுருட்ட வேண்டும். விடிந்தும் விடியாத நேரத்தில், வெயில் ஏறுவதற்குள் இது நடக்க வேண்டும். வீட்டுக்குள் அவ்வளவு இடம் ஏது? ஆகவே தெருதான் களம். இந்த நாள் இந்த வீட்டுக்கு என்று முறை உண்டு. ஒரு வீட்டுப் பாவுக்குத் தெருவே வந்து கை கொடுக்கும். இரண்டு முனையிலும் ஆள், நடுநடுவே மூங்கில் கால் கொடுத்துத் தூக்கி நிறுத்த ஆள். கூலி கிடையாது. இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு.

என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் பாவு சுருட்டிய பிறகுதான் வருவார்கள். கையெல்லாம் கஞ்சி. எங்கள் பெரிய வாத்தியார் அதற்காக யாரையும் அதட்டியதில்லை. நேராகத் தெருவுக்குப் போவார், பாவுக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். கொஞ்ச நேரத்தில் தாய்மார்களுக்கே கூச்சமாகி, "போடா, பெரிய வாத்தியார் வந்துக்கீறாரு" என்று பிள்ளையைத் துரத்துவார்கள். நானும் போய் நின்று பார்த்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காது, அதனால் என் பாணி வேறு. நான் போய்ச் சத்தம் போடுவேன். அந்தச் சத்தம்தான் என்னை அரசியலுக்குக் கொண்டுவந்தது.

அறுபதுகளின் கடைசியில் நகராட்சித் தேர்தல் வந்தது. தெருவின் பெரிய மனிதர் நரசய்யா என் வீட்டுக்கு வந்தார். தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம், சொந்தத் தறிகள், தெருவில் பாவு முறை வைப்பது, சண்டை தீர்ப்பது எல்லாம் அவர்தான். குரல் மட்டும் கோயில் முரசு.

"டீச்சர், ரெண்டு கட்சிக்காரனும் நம்ம தெருவ ரெண்டா பொளந்து வச்சிக்கீறான். இன்னா பண்றதுன்னு பேசிக்கினோம். உங்கள நிறுத்தலாம்னு ஆச்சு."

"என்னையா? எந்தக் கட்சியும் என்னைச் சேர்க்காதே."

"அதுக்குதாம்மா. நீங்க எல்லாரையும் திட்றீங்க."

என் கணவர் அன்று மாலை விஷயத்தைக் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "ஒண்ணாங்கிளாஸ் பசங்க மூக்க சிந்திவிட்டுக்கினு இருந்த. இனிமே முனிசிபாலிட்டிக்கா?" என்றார். ஆனாலும் மறுநாளே சுவரில் எழுதச் சுண்ணாம்பு வாங்கி வந்தவர் அவர்தான். பள்ளி நிர்வாகம் ராஜினாமா கேட்டது, எழுதிக் கொடுத்தேன். எனக்குக் கிடைத்த சின்னம் ரயில் எஞ்சின். என் பழைய மாணவப் படை முழுவதும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு 'கூ' என்று வார்டு முழுக்க ஓடியது. அதைவிடப் பிரச்சாரம் வேறென்ன வேண்டும்? ஜெயித்துவிட்டேன்.

முதல் கூட்டத்தில் சேர்மன் உள்ளே நுழைந்ததும் நான் எழுந்து நின்று, வகுப்பு முழுவதற்குமாகச் சொல்வதுபோல் "வணக்கம் ஐயா" என்று இழுத்துச் சொல்லிவிட்டேன். மற்ற உறுப்பினர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "உக்காருங்க டீச்சர்" என்றார், நான்தான் அவர் மாணவி என்பதுபோல.

அவரைப் பற்றி இங்கே விவரமாகச் சொல்ல வேண்டும். ஜரிகை வியாபாரி. நெசவாளர்களில் பெரும்பாலோர் அவர் கடை ஜரிகையை நம்பித்தான் தறி ஓட்டினார்கள். பேச்சு அவ்வளவு மெதுவாக இருக்கும். நாம்தான் குனிந்து கேட்க வேண்டும், கேட்டால் அதுவே பணிவுபோல் ஆகிவிடும். 'முடியாது' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. பொதுஜனம் வந்தால் 'பார்ப்போம்'. உறுப்பினர் கேட்டால் 'ஒத்திவைப்போம்'. இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்.

கூட்ட நடைமுறை இப்படி இருக்கும். பொருள் பட்டியல் முன்கூட்டியே வீட்டுக்கு வந்துவிடும். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே அலுவலகக் குறிப்பு. கூட்டத்தில் கிளார்க் நின்றுகொண்டு வாசிப்பார். ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். பிறகு சேர்மன், "ஆட்சேபணை உண்டா?" என்பார். கேட்கும்போது யார் முகத்தையும் பார்க்கமாட்டார், மேஜைமேல் இருக்கும் மணியைப் பார்ப்பார். கேட்ட வாயோடு மணியைத் தட்டிவிடுவார். நாம் தொண்டையைக் கனைப்பதற்குள் பொருள் நிறைவேறி அடுத்ததும் பாதி வாசித்தாகிவிடும். எத்தனையோ பேர் கையை உயர்த்திய நிலையிலேயே தோற்றுப்போவதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது நாளாக நாளாகப் பிடிபட்டது. பொய் சொல்லப்போகிற பையன் வாயைத் திறக்கும் முன்பே கண்டுபிடிக்கிற கண் ஒன்றாம் வகுப்பு வாத்தியாருக்கு உண்டு. அவர் கை மணிப்பக்கம் அசையும்போதே "ஐயா" என்பேன். கை நின்றுவிடும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. யாருடைய பொருளை ஒத்திவைக்கப்போகிறாரோ, அவருக்கு மட்டும் முதலில் காப்பி வரும். நல்ல டிகிரி காப்பி. "சேர்மன் காப்பி வந்தா காரியம் போச்சு" என்று உறுப்பினர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். முதல் வருஷம் நான் நிறையக் காப்பி குடித்தேன்.

தெருவிளக்கு, சாக்கடை, நாய்த் தொல்லை என்று நாள் ஓடியது. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் யாராவது மனுவோடு நிற்பார்கள். பழக்க தோஷம், எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்துவிட்டுத்தான் மனுவை வாங்குவேன். கருட சேவை நாளில் ஊரே பெருமாளைப் பார்த்துக் கும்பிட்டால் நான் சாக்கடை மூடிகளைப் பார்த்துக்கொண்டு போவேன். இவையெல்லாம் எல்லாக் கவுன்சிலரும் செய்தவை. நான் சொல்ல வந்தது ஆற்றங்கரைக் காலனிக் குழாய்.

தறிக்காரத் தெருவின் கடைசியில் நிலம் பள்ளமாகி வேகவதிப் பக்கம் இறங்கும். அங்கே இருந்தது காலனி. அதுவும் என் வார்டுதான். ஆண்கள் செங்கல் சூளைக்கும் பெண்கள் வயலுக்கும் போனார்கள். தண்ணீருக்கு ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டுவார்கள். கோடையில் ஊற்று வற்றினால், பெண்கள் குடங்களோடு தறிக்காரத் தெருவின் கீழ்முனையில் வந்து நிற்பார்கள். அதற்கு மேல் வரமாட்டார்கள், வரக்கூடாது. தெருவில் யாராவது மனம் வைத்துக் கிணற்றில் சேந்தி உயரத்திலிருந்து ஊற்றினால் உண்டு. பள்ளிக்கும் பஸ்ஸுக்கும் போக அவர்களுக்கு வேறு வழி, கால்வாய்க்கரை சுற்றி. இவையெல்லாம் எங்கும் எழுதி வைக்கவில்லை. சட்டம் எப்போதோ மாறிவிட்டது, தெரு மாறவில்லை.

செல்லம்மா என்கிற பெண் என்னிடம் வந்தாள். வயல் வேலைக்குப் போகிறவள், முப்பது வயது இருக்கும். வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்றால் வரவில்லை.

"ஓட்டு கேக்க வந்தப்ப தண்ணி வரும்னு சொன்னீங்க டீச்சரம்மா."

"சொன்னேன்."

"என் சின்னப் பொண்ணு ஊத்துத் தண்ணி குட்ச்சி பேதியில பூட்ச்சி. இன்னொண்ணு கீது. அதுக்காச்சும் வரட்டும்."

அழவில்லை. மனு எதுவும் கொண்டுவரவில்லை. அந்தக் கோடை முற்றுவதற்குள் காலனிக்குக் குழாய் வரவில்லையென்றால் நான் இந்தப் பதவியில் இருப்பதே வெட்கக்கேடு என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த நினைப்பில் மாற்றமில்லை.

நகராட்சிக் குழாய் மெயின் ரோடு வரைக்கும் வந்திருந்தது. அங்கிருந்து காலனிக்குப் போக ஒரே வழி தறிக்காரத் தெருதான் என்று ஓவர்சியர் எழுதிக் கொடுத்தார். கால்வாய்க்கரை கரைந்துவிடும், குழாய் தாங்காது. பொருள் பட்டியலில் ஏற்றினேன். கூட்டத்தன்று கிளார்க் வாசிக்க ஆரம்பிக்கும்போதே எனக்குக் காப்பி வந்தது. நான் அதை அப்படியே பக்கத்து உறுப்பினர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் சைக்கிள் கடைக்காரர், நல்ல மனிதர், எனக்கு வழிமொழிய ஒப்புக்கொண்டிருந்தார். காப்பியைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தாலும், வழிமொழிந்தார்.

சேர்மன் மணியைத் தொடவில்லை. "நல்ல காரியம். ஆனா அது பாவு நீட்டற தெரு. தோண்டினா மண்ணு, தூசி. நெசவாளி பொழப்பு. தெருக்காரங்க வந்து சம்மதம் சொல்லட்டும், அதுவரைக்கும் ஒத்திவைப்போம்" என்றார். தெருக்காரர்கள் சம்மதிக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

நரசய்யா வீட்டுக்குப் போனேன். தெருவே கூடிவிட்டது. ஈரப் பாவில் தூசி ஒட்டினால் இழை நைந்துபோகும், தறியில் ஓடாது, சேலை வீண் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அது பொய்யில்லை.

"இன்னாமா டீச்சர், உங்கள ஜெயிக்க வச்சது நாங்க. எங்க அடிவயித்துலயே கடப்பாரையா?" என்றார் நரசய்யா.

"உங்க பிள்ளைகளுக்கும் நான்தான் டீச்சர். அந்தப் பிள்ளைகளுக்கும் நான்தான் டீச்சர். ஒரு வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு மட்டும் தண்ணி கொடுக்கச் சொல்றீங்களா?"

பேச்சு நீண்டது. நான் கத்தினேன், அவர் அதைவிடக் கத்தினார். கடைசியில் அவரே ஒரு வழிக்கு வந்தார். காலையில் பாவு சுருட்டிய பிறகு தோண்டலாம். ஆனால் மறுநாள் விடியும்போது தெரு தெருவாக இருக்க வேண்டும். பள்ளம் மூடி, மண் வாரி, சாணம் தெளித்து மெழுகி, ஒரு பொட்டுத் தூசி கிளம்பக் கூடாது.

ஓவர்சியரிடம் சொன்னேன். கான்ட்ராக்டரின் ஆட்கள் குழாய் பதிப்பார்கள், மண் தள்ளுவார்கள், தெரு மெழுகமாட்டார்கள் என்றார். செல்லம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை.

"நாங்க மூடறோம். மொழுகி உட்டுடறோம். அது ஒரு வேலையா?"

அடுத்த கூட்டத்துக்கு நரசய்யா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, ஏற்பாட்டைச் சொல்லிச் சம்மதமும் சொன்னார். சேர்மன் பொறுமையாகக் கேட்டார். தாம் ஜரிகை கொடுக்கிற ஆள் தம் எதிரில் நின்று டீச்சருக்குச் சாதகமாகப் பேசுவது அவருக்குப் பிடித்திருக்காது. ஆனால் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கிளார்க்கைப் பார்த்து, "ஒரு வரி சேத்துக்கங்க. வேலையால ஒரு நாள் பாவு நின்னாலும் பணி நிறுத்தப்படும், பொருள் மறுபடி மன்றத்துக்கு வரும்" என்றார். பிறகு "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டு மணியைத் தட்டினார். நான் ஆட்சேபிக்க அதில் என்ன இருக்கிறது? நியாயமான வரி போலத்தான் இருந்தது.

தோண்ட ஆரம்பித்தார்கள். அன்று மாலை காலனியிலிருந்து ஆண்களும் பெண்களும் மண்வெட்டி, கூடை, சாணக் குடத்தோடு கீழ்முனையில் வந்து நின்றார்கள். பழக்கம், அங்கேயே நின்றுவிட்டார்கள். "வாங்க, பள்ளம் இங்கே இருக்கு" என்று நான்தான் கூப்பிட்டேன். வந்தார்கள். செல்லம்மா முன்னால் வந்தாள். மண்ணை மிதித்து இறுக்கி, கூட்டி, சாணம் கரைத்துத் தெளித்து, பெண்கள் வரிசையாகக் குனிந்து மெழுகினார்கள். தெருக்காரர்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. நான் அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கூட்டத்தில் மணிச் சத்தத்துக்கு மட்டும் உஷாராக இருந்தவள், தெருவில் ஏமாந்தேன்.

எங்கள் பேச்சு முழுவதும் தூசியைப் பற்றி. தூசியைத் தவிர வேறொன்று இருக்கிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. காலனிப் பெண்கள் கையால் மெழுகிய தரையில் காலை வைத்துப் பாவு நீட்டுவதா? அதுதான் அன்று இரவு தெருவில் வீட்டுக்கு வீடு போன பேச்சு. என் காதுக்கு மட்டும் வரவில்லை. நாங்களோ சாணம் போதுமா, மண் இறுகியதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் விடியலில் எழுந்து வாசலுக்கு வந்தேன். தெரு அவ்வளவு சுத்தமாக இருந்தது. காலியாகவும் இருந்தது. பாவு இல்லை, மூங்கில் கால் இல்லை. வாசலுக்கு வாசல் ஆள் மட்டும் நிற்கிறார்கள். எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. சேர்மன் சேர்த்த அந்த ஒரு வரி அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்குத் தெருவைத் தெரிந்த அளவு எனக்குத் தெரியவில்லை. வெயில் ஏறும்வரை பாவு வரவில்லையென்றால் வேலை நின்றது, பொருள் மன்றத்துக்குப் போனது, காப்பி வந்தது. கோடை அதோடு முடிந்தது.

நரசய்யா எதிர்வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இன்னைக்கு யார் வீட்டு முறை?" என்று கேட்டேன்.

"ராஜம்மா முறை" என்றார், என்னைப் பார்க்காமல்.

ராஜம்மா கணவரை இழந்தவள். தானே தறியில் உட்கார்ந்து நெய்து குடும்பத்தை ஓட்டினாள். பிடிவாதக்காரி என்று பெயர். அவள் வீட்டுக் கதவு திறந்தது. கஞ்சி சொட்டுகிற பாவைத் தோளில் சுமந்துகொண்டு வெளியே வந்தாள். மாம்பழ மஞ்சள் நிறம், இன்னும் கண்ணில் இருக்கிறது.

"ராஜம்மா, ராத்திரி சொன்னோமே!" என்றது ஒரு குரல்.

"சொன்னீங்க. அதுக்குள்ள கஞ்சி போட்டாச்சு. பட்டு கிட்ட போயி யாரு சொல்றது, இன்னைக்கு வேணாம்னு? இழையோட இழை ஒட்டிக்கினா நான் தூக்கு மாட்டிக்கணும்" என்றாள். மெழுகிய தரையில் காலை வைத்தாள். நேராக நடந்தாள். ஒரு முனையை முளையில் கட்டினாள். சுற்றிப் பார்த்தாள். ஒரு வாசலில் இருந்தும் ஒருவரும் இறங்கவில்லை. மறுமுனையை என்ன செய்வதென்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

நான் ஓடினேன். அவ்வளவு வருஷம் அந்தத் தெருவில் குடியிருந்தும் பாவைத் தொட்டுப் பழக்கமில்லாதவள் நான். "கொடு" என்றேன்.

"இழுத்துப் புடிங்க டீச்சர்மா! தொங்க உடாதீங்க!"

இழுத்தேன். ஒருத்தி பிடித்து நிற்கிற காரியமா அது? ஈரப் பாவு என்ன கனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நடுவில் கால் கொடுக்க ஆள் இல்லை. ராஜம்மா ஒருத்தியே மூங்கிலைத் தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும் ஓடினாள். ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் சரிந்தது. நடுப்பாவு மெள்ள மெள்ளத் தொய்ந்து தரையை நோக்கி இறங்கியது. இன்னும் ஒரு சாண் இருக்கும்.

"அய்யய்யோ ராமா! பட்டு தரையில படுதே!"

நரசய்யாவின் குரல். அந்த மனிதர் வாசற்படியிலிருந்து எப்படிக் குதித்தார் என்று தெரியாது. இரண்டு கையாலும் பாவைத் தாங்கிப் பிடித்தார். "ஏண்டா பாத்துக்கினு நிக்கிறீங்க, மரமாட்டம்! கால குடுங்கடா!" என்று தெருவையே அதிர வைத்தார். அவர் இறங்கியதும் எல்லா வாசலிலிருந்தும் இறங்கிவிட்டார்கள். மூங்கில்கள் வந்தன. கைகள் வந்தன. பாவு விறைப்பாக எழுந்து நின்றது. பட்டு மண்ணில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க நெசவாளியால் முடியாது. வேறு எதை வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அதை முடியாது.

நரசய்யா என் கையிலிருந்து முனையை வாங்கிக்கொண்டார். "உடுங்க டீச்சர். உங்களுக்கு இது வராது" என்றார். அப்புறம்தான் தம் காலடியைப் பார்த்தார். மெழுகிய தரையில், வெறுங்காலோடு, நடுத்தெருவில் நின்றிருந்தார். அறுந்த இழை ஒன்றைத் தேடிப் பிணைக்க ஆரம்பித்தார். நான் வீட்டுக்குள் போய் அழுதேன். கை வலிக்காக அழுததாக என் கணவரிடம் சொன்னேன், அவரும் நம்பியதுபோல் எண்ணெய் எடுத்து வந்தார்.

மறுநாளிலிருந்து முறைப்படி பாவு வந்தது. மாலையில் காலனி ஆட்கள் வந்து மூடினார்கள், மெழுகினார்கள். ஒருநாள்கூட வேலை நிற்கவில்லை. சேர்மன் ஓவர்சியரைக் கூப்பிட்டு இரண்டு தடவை கேட்டாராம், "பாவு நிக்கலியா?" என்று. கோடை முற்றுவதற்குள் குழாய் காலனிக்குப் போய்ச் சேர்ந்தது. திறப்பு விழாவில் அவரே வந்து மாலை போட்டுக்கொண்டு, இது தம் நெடுநாள் கனவு என்று பேசினார். நான் கைதட்டினேன். தண்ணீர் வந்துவிட்டது, கனவு யாருடையதாக இருந்தால் என்ன?

செல்லம்மா முதல் குடத்தைப் பிடித்துக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "தண்ணி வந்துட்ச்சி டீச்சரம்மா" என்றாள். முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் முழுதாக இல்லை. "இனிமே தெருவு மொழுக எங்களுக்கு வேல இல்ல, இல்ல?" என்று கேட்டாள். "இல்லை" என்றேன். அவள் கேட்டது வேலையைப் பற்றி அல்ல என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அத்தனை மாலைகளும் அவர்கள் அந்தத் தெரு வழியாக வந்து போனார்கள். பள்ளம் மூடியாகிவிட்டது. இனி என்ன காரணம் சொல்லி வருவார்கள்? அதை எந்தப் பொருள் பட்டியலில் ஏற்றுவது?

பள்ளிக்கூடம் திறந்தது. முந்தின இரவு பெய்த மழையில் கால்வாய்க்கரை சேறாகியிருந்த ஒரு காலை. நான் வாசலில் நின்று வந்த மனு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு பாவு முழு நீளத்துக்கும் நின்றது, நரசய்யா நடுவில் குனிந்து இழை பார்த்துக்கொண்டிருந்தார். கீழ்முனையில் செல்லம்மா வந்து நின்றாள். கையில் குடம் இல்லை, மண்வெட்டி இல்லை. மகளின் கையைப் பிடித்திருந்தாள். அந்தக் குழந்தை சிலேட்டுப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருந்தது.

செல்லம்மா என்னைப் பார்க்கவில்லை. யாரையும் பார்த்து அனுமதி கேட்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு தெருவுக்குள் நடந்து வந்தாள்.

பாவுக்குப் பக்கத்தில் இருந்தவர்களின் கைகள் நின்றன. ராஜம்மா தன் வாசலில் பெருக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். நரசய்யா தலையைத் தூக்கினார். செல்லம்மா அவர் எதிரில் வந்துவிட்டாள்.

"ஏம்மா!" என்று முழங்கினார். "கண்ணு தெரியல? முந்தானை பாவுல பட்டா இழை அறுந்துடும். ஓரமா போ!"

பாவு நீட்டியிருக்கும்போது அந்தத் தெருவில் யார் வந்தாலும் அவர் அதையேதான் கத்துவார். தபால்காரரிடம் கத்துவார், என் கணவரிடம் கத்துவார், பெரிய வாத்தியாரிடமே ஒருமுறை கத்தியிருக்கிறார். சொல்லிவிட்டு மறுபடி குனிந்து இழையைத் தேடினார்.

செல்லம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மகளைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டு, என் வீட்டைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தாள். மறுநாளும் அந்த வழியாகத்தான் வந்தாள்.